500 மீட்டரை எங்கிருந்து அளப்பது? கணவாய்க் காற்றோடு ஐந்து நாள்

ஊர் திரும்பி இரண்டு நாள் ஆகிறது, காதுக்குள் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை. வீட்டிலிருந்து காற்றாலை எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற விதியைப் பற்றி, அதன் அடியில் குடியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கப் போன பயணம் இது. வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு கட்சிதான் இருக்கும் என்று எதிர்பார்த்தது முதல் நாளே பொய்த்தது. அன்றன்று இரவு எழுதியதை அப்படியே போடுகிறேன்.

ஆகஸ்ட் 11, தோவாளை – ஆரல்வாய்மொழி – முப்பந்தல்

விடியற்காலை ஐந்து மணிக்குத் தோவாளைப் பூச்சந்தை. பிச்சியும் அரளியும் ஈரச்சாக்கில் குவிந்து கிடந்தன. நாகர்கோவில் பக்கம் சாரல், கணவாயைத் தாண்டினால் வெயில். நடுவில் இருக்கும் ஆரல்வாய்மொழியில் இரண்டும் இல்லை, காற்று மட்டும்தான். டீ 12 ரூபாய். கிளாஸை மேசையில் வைக்காமல் கையிலேயே கொடுக்கிறார்கள். வைத்தால் நுரை பறந்து சட்டையில் விழும்.

மதியச் சாப்பாட்டுக் கடையில் இலையைப் போட்டதும் நான்கு மூலையிலும் விரலை வைத்து அமுக்கிக்கொண்டு நிற்கிறார் பரிமாறுபவர். சம்பா அரிசிச் சோறு இலையில் விழுந்த பிறகுதான் கையை எடுக்கிறார். பக்கத்து மேசைக்காரர் ஒரு கணம் அசந்தார், இலை அவியலோடு சுவருக்குப் போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. பேசாமல் வேறு இலை வந்தது. மீன் குழம்போடு 100 ரூபாய்.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைச் சுற்றி நிற்பவை பெரும்பாலும் 1990களின் எந்திரங்கள். 250 கிலோவாட் திறன், 30 மீட்டர் கோபுரம், இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டமும் ஏறக்குறைய அவ்வளவே. மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016 அக்டோபர் 22 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் சாலைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கோபுர உயரம், அதோடு விட்டத்தில் பாதி, மேலும் 5 மீட்டர். எந்திரம் வேரோடு சாய்ந்தாலும் இறக்கை நுனி சாலையைத் தொடக்கூடாது என்பது பொருள். இந்தச் சின்ன எந்திரத்துக்கு 30, 15, 5 சேர்ந்து 50 மீட்டர் போதும். சாலை, ரயில் பாதை, கட்டடம், உயர் அழுத்த மின்பாதை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் தனி விதி: 500 மீட்டர், காரணம் சத்தம்.

பூச்சந்தையில் அரளி கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் இந்த 500 மீட்டரைச் சொன்னபோது, "அப்படி ஒண்ணு இருக்கா மக்கா?" என்று கேட்டார். அன்று பேசிய பதினோரு பேரில் ஒருவருக்கும் அந்த எண் தெரியவில்லை. முப்பது வருடமாக எந்திரங்களின் காலடியில் இருப்பவர்கள் இவர்கள். விதி எழுதப்பட்டதற்கு முன்பே எந்திரம் வந்துவிட்டதால் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இங்கே சத்தம் பற்றிய புகாரும் குறைவு. தரைக்காற்றே இவ்வளவு இரையும் இடத்தில் இறக்கைச் சத்தம் அதற்குள் மூழ்கிவிடுகிறது. இதே எந்திரத்தைக் காற்று அடங்கிய சமவெளியில் நட்டால் கதை வேறு. அது நான்காம் நாள் தெரிந்தது.

ஆகஸ்ட் 12, காவல்கிணறு – ராதாபுரம் வட்டாரம்

கருப்பட்டிக் காப்பி 20 ரூபாய், கூடவே சூடாகப் பருப்பு வடை. பனையும் உடைமரமும் செம்மண்ணும்தான் கண்ணுக்கு எட்டிய தூரம். வெயில் கடுமை, ஆனால் காற்று வியர்வையைத் தங்கவிடுவதில்லை. தாகம் தெரியாமலே உடம்பு வற்றிவிடும். "தண்ணி குடியும் அண்ணாச்சி, கேட்டுக்கிட்டு நிக்காதீரும்" என்று கடைக்காரர் சொம்பை நீட்டிய பிறகுதான் தலைவலிக்குக் காரணம் புரிந்தது.

இங்கே முதலில் வரும் பேச்சு மழை. "காத்தாடி வந்த பெறவு மேகம் நிக்க மாட்டேங்கு" என்று டீக்கடையில் நான்கு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். விளக்கிப் பேசினால் கேட்கிறார்கள். மலையின் மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாவதுதான் தென்மேற்குக் காற்று. ராதாபுரம் மழைமறைவுப் பகுதியாக இருப்பது காற்றாலைக்குப் பல நூற்றாண்டு முந்திய நிலைமை. இருப்பதிலேயே உயரமான எந்திரத்தின் இறக்கை நுனி இருநூற்றுச் சொச்சம் மீட்டர். மேகம் அதற்கும் பல மடங்கு மேலே போகிறது. காற்று பலமாக வீசும் இடமாகப் பார்த்துத்தான் எந்திரத்தை நட்டார்கள், அந்த இடமே மழை குறைந்த இடம். இரண்டும் ஒரே மலையின் விளைவு. ஒரு பெரியவர் யோசித்துவிட்டு, "அப்பம் மலையத்தான் வையணுமா?" என்றார். பக்கத்திலிருந்தவர், "மழ கெடக்கட்டும் வே, ஓடையச் சொல்லும்" என்றார்.

அந்த ஓடைதான் அன்று முழுக்கப் பார்த்தது. புதிய எந்திரம் ஒன்றுக்கு அடித்தளக் கான்கிரீட் 500 முதல் 700 கன மீட்டர் வரை ஆகும். கலவை லாரி ஒன்று ஏற்றுவது 6 கன மீட்டர். நூறு நடை. அதுவும் நடுவில் நிறுத்த முடியாது, ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். எழுபது மீட்டர் இறக்கை திரும்ப வேண்டும் என்பதற்காக வளைவுகளை வெட்டி அகலப்படுத்துகிறார்கள். வழியில் ஓடை வந்தால் இரண்டு சிமென்ட் குழாயைப் போட்டு மேலே கிராவல் கொட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் குழாய் அங்கேயே தங்கிவிடுகிறது. ஐப்பசி அடைமழையில் வெள்ளத்தோடு வரும் உடைமுள் குழாய் வாயை அடைக்கும், தண்ணீர் பக்கத்து வயலுக்குள் ஏறும், குளத்துக்குப் போக வேண்டியது போகாது. நான் பார்த்த குழாய் ஒன்று விட்டத்தில் முக்கால்வாசி மணல் மேடிட்டுக் கிடந்தது. வீட்டுக்கு 500 மீட்டர் என்று எழுதியவர்கள் ஓடைக்கு ஒரு எண்ணையும் எழுதவில்லை. இந்த வட்டாரத்தில் கேட்டால் மக்கள் முதலில் எழுதச் சொல்வது அதைத்தான்.

இரண்டாவது பேச்சு, பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுவது. எந்திரம் பெரிதானால் கணக்கு எப்படி மாறும் என்று தரையில் குச்சியால் எழுதிக் காட்டினேன். கோபுரம் 140, விட்டம் 144 என்று வைத்தால் சாலைக்கு 140, 72, 5 சேர்ந்து 217 மீட்டர். அதாவது 50 மீட்டரில் இன்று நிற்கும் பழைய எந்திரத்தின் அதே குழியில் புதியதை நட முடியாது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் பழகிய இடைவெளி, ஒரு பக்கம் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு, காற்று போகும் திசையில் ஏழு மடங்கு. சின்னதற்கு 150-க்கு 210 மீட்டர், ஏறக்குறைய எட்டு ஏக்கர். பெரியதற்கு 720-க்கு 1,008 மீட்டர், சுமார் 180 ஏக்கர். அந்த 180 ஏக்கருக்குள் இன்று இருபது சின்ன எந்திரங்கள் இருபது முதலாளிகள் பேரில் நிற்கின்றன. இருபது பேரும் ஒத்துவந்தால்தான் ஒன்று எழும். இங்கே வேலை ஏன் இழுக்கிறது என்பதற்கு ஊர்க்காரர்களின் எதிர்ப்பைக் காரணமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். குச்சிக் கோட்டைப் பார்த்த யாரும் அதை ஒப்ப மாட்டார்கள்.

ஆகஸ்ட் 13, கயத்தாறு

கரிசல். இரவு பெய்த ஒரு தூறலுக்கே செருப்பில் அரைக் கிலோ மண். ஒரு செருப்பின் வார் அறுந்தது. தைத்துக்கொடுத்தவர் 10 ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். இங்கே தேசிய காற்றுசக்தி நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. எந்திர மாதிரிகளை நட்டு, காற்றின் வேகத்துக்கு எவ்வளவு மின்சாரம் தருகின்றன என்று அளந்து சான்று கொடுக்கும் இடம். ஊரில் அதை "டெஸ்டிங்" என்ற ஒரே சொல்லில் சொல்கிறார்கள்.

கரிசல் மழையில் உப்பி வெயிலில் பிளக்கும் மண். கிரேன் நிற்கும் தளத்துக்குக் கரிசலை முழுக்க வழித்தெடுத்துக் கிராவல் நிரப்பாவிட்டால் ஒரு பக்கம் அமிழும். வழித்த கரிசலை எங்கே கொட்டுவது என்பதில்தான் சண்டை வருகிறது. நல்ல மேல்மண் என்று கேட்டு வாங்கிய விவசாயிகளும் உண்டு, வண்டிப்பாதையில் குவித்துவிட்டுப் போன இடங்களும் உண்டு.

கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர்கள் கோபுர நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்கிறார்கள். ஆடு மிரளுமா என்றதற்கு, முதல் இரண்டு நாள்தான் என்றார் ஒருவர். கம்பி வேலி போட்டால் மட்டும் வேண்டாம் என்றார். எந்திரம் பிடிப்பது கொஞ்ச இடம், வேலி பிடிப்பது மேய்ச்சலையே. அவர் கொடுத்த மோருக்குக் காசு வாங்கவில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டியதும் பேரனுக்கு என்று மடியில் கட்டிக்கொண்டார்.

ஆகஸ்ட் 14, பல்லடத்துக்குத் தெற்கே

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு குணம். பகலில் சீராக, தள்ளாமல் வீசுகிறது. இரவு ஒன்பதரைக்கு மேல் தென்னை ஓலை அசையவில்லை, ஆனால் மேலே எந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தரை குளிர்ந்ததும் கீழ்க்காற்று அடங்கும், நூறு மீட்டருக்கு மேல் ஓடும் காற்று அடங்காது. சத்தத்தை மூடப் போர்வை இல்லாததால் ஒவ்வொரு இறக்கை இறங்கும்போதும் "வுஷ்" என்று தனித்தனியாகக் கேட்கிறது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்று, மூன்று இறக்கை, முப்பத்தாறு வுஷ்.

"தறிச் சத்தத்துலயே பொறந்து வளந்தவங்க நாங்க. அது பெருசுதானுங்க, ஆனா ராத்திரி நிறுத்திப்போடுவோம். இதை நிறுத்த சுவிட்சு நம்மகிட்ட இல்லீங்களே" என்றார் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர். இந்த ஐந்து நாளில் கேட்டதிலேயே விஷயத்தின் வேருக்குப் போன பேச்சு இதுதான். பெரிய எந்திரம் ஒன்று 500 மீட்டரில் ஏறக்குறைய 40 டெசிபெல் கேட்கும். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45. ஒன்றுதான் என்றால் பிழையில்லை. டெசிபெல் சாதாரணக் கூட்டல் அல்ல: அதே தூரத்தில் இரண்டு நின்றால் 43, மூன்று நின்றால் 45-ஐத் தொட்டுவிடும். 500 மீட்டர் விதி ஒவ்வொரு எந்திரத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. சுற்றி எத்தனை என்று எண்ணுவதில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்கிறார்.

அடுத்தது நிழல். இங்கே காற்று மேற்கிலிருந்து வருகிறது, எந்திரமும் மேற்கைப் பார்த்து நிற்கிறது. காலைச் சூரியன் நேர் பின்னால். ஆகவே மேற்கே இருக்கும் வீட்டில் முழு வட்டமும் நிழலாக விழும். 500 மீட்டர் தள்ளி நேர்மேற்கே வீடு என்றால், சூரியன் எட்டுப் பாகையிலிருந்து இருபத்துமூன்று பாகை ஏறும் வரை, அதாவது காலை முக்கால் ஏழு முதல் முக்கால் எட்டு வரை, ஜன்னலில் வெளிச்சம் வெட்டி வெட்டி வரும். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். ஆண்டு முழுக்க இல்லை. சூரியன் நேர்கிழக்கில் உதிக்கும் பங்குனியிலும் புரட்டாசியிலும் ஒரு மாதம் போல, அதிலும் காற்று இருக்கும் புரட்டாசியில்தான் தொந்தரவு. ஜெர்மனியில் இதற்கு ஆண்டுக்கு 30 மணி, நாளுக்கு 30 நிமிடம் என்று வரம்பு உண்டு. அந்த ஒரு மணி நேரம் எந்திரம் தானாக நிற்கும்படி கட்டுப்பாட்டுப் பெட்டியில் நேரம் பதிந்தால் முடிந்தது, பெரிய செலவு இல்லை. நம் வழிகாட்டுதலில் வீட்டுத் தூரத்துக்குச் சொன்ன காரணம் சத்தம் மட்டுமே.

தெற்கே ஊர் ஊராகச் சேர்ந்து குடியிருப்பதால் 500 மீட்டர் எளிது. ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் போதும். கொங்குச் சீமையில் வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்துச் சாளைக்கும், அதாவது தோட்டத்து வீட்டுக்கும், ஒரு வட்டம். 500 மீட்டர் ஆர வட்டத்தின் பரப்பு 194 ஏக்கர். நான்கைந்து தோட்டம் தள்ளித் தள்ளிச் சாளை இருந்தால் வட்டத்துக்கு வெளியே நிலமே மிஞ்சாது. இதனால் கம்பெனிகளுக்கு விதி மேல் வருத்தம், நிலத்தைக் கொடுக்க நினைத்த விவசாயிக்குப் பக்கத்துச் சாளைக்காரர் மேல் வருத்தம். ராச்சாப்பாட்டுக்கு அழைத்த வீட்டில் அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் போட்டுக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: "அவிய காட்டுல வந்தா அவியளுக்கு வாடகை, எங்களுக்குச் சத்தம். ரெண்டு பேத்துக்கும் பங்கு வெச்சா ஒருத்தரும் பேச மாட்டாங்க கண்ணு." அண்டை வீட்டுக்கும் ஆண்டுத்தொகை என்ற ஏற்பாடு வெளிநாட்டில் சில இடங்களில் உண்டு. இங்கே அப்படி ஒன்று இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

தூரத்தை மட்டும் கூட்டினால் தீருமா என்றால் அதுவும் இல்லை. போலந்து 2016-இல் எந்திர உயரத்தைப்போல் பத்து மடங்கு என்று எழுதியது. புதிய திட்டத்துக்கு இடமே இல்லாமல் போய், 2023-இல் 700 மீட்டர் என்று இறங்கி வந்தது. நம் 500 பழைய 45 மீட்டர் எந்திரத்துக்குப் பதினொரு மடங்கு, 212 மீட்டர் எந்திரத்துக்கு இரண்டரை மடங்குகூட இல்லை. எந்திரம் வளர்ந்தது, எண் அப்படியே நிற்கிறது.

ஆகஸ்ட் 15, கிராம சபை

அதே வட்டாரத்தில் ஒரு ஊராட்சி. கொடியேற்றி, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, பதினொரு மணிக்கு வேப்பமரத்தடியில் சபை. சாமியானாவை மூன்று முறை கட்டினார்கள். மூன்றாம் முறை காற்று கம்போடு சாய்த்ததும் சுருட்டி வைத்துவிட்டு மர நிழலுக்கே போனார்கள். குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் முடிந்து, புதிதாக வர இருக்கும் ஓர் எந்திரம் பற்றிய பேச்சு ஒன்றரை மணிக்கு வந்தது.

கம்பெனி கொடுத்திருந்த வரைபடத்தில் எந்திரத்தைச் சுற்றி வட்டம், வட்டத்துக்குள் வீடு ஒன்றும் இல்லை. மிக அருகில் இருக்கும் சாளை 512 மீட்டர் என்று எழுதியிருந்தது. எழுந்து நின்று எதிர்த்தவர் யாரும் இல்லை. இருவர் சந்தேகம் கேட்டார்கள். 500 மீட்டர் கோபுரத்தின் நடுவிலிருந்தா, இறக்கை நுனியிலிருந்தா? அந்த வரி அதைச் சொல்வதில்லை. நுனியிலிருந்து என்றால் 72 மீட்டர் குறைகிறது, 512 என்பது 440 ஆகிவிடும். இரண்டாவது, நாளைக்கு மகனுக்குக் கல்யாணமாகி வட்டத்துக்குள் வீடு கட்டினால்? விதி எந்திரம் நடுபவருக்குத்தான், பின்னால் வரும் வீட்டைப் பற்றி அதில் பேச்சில்லை. செயலர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

பிறகு கடைசி வரிசையிலிருந்து தென்னந்தோப்பில் வேலை செய்யும் பெண் ஒருவர், "எங்கூட்ட எதுல போட்டிருக்கீங்?" என்று கேட்டார். வரைபடத்தை ஆளுக்கு ஆள் திருப்பிப் பார்த்தார்கள். அவர் சொன்ன இடத்தில் பச்சை மட்டும் இருந்தது. செயற்கைக்கோள் படத்தை வைத்து வீடுகளைக் குறித்திருக்கிறார்கள். தோப்புக்குள் ஓலைக்கடியில் இருக்கும் சிமென்ட் ஓட்டு வீடு மேலிருந்து தெரியாது. கதவு எண் இல்லை, வீட்டு வரி ரசீது இல்லை, ஆகவே ஊராட்சிப் பட்டியலிலும் இல்லை. நான்கு குடும்பம், ஒன்பது வருடம்.

வெளியூர்க்காரர் சபையில் பேசக்கூடாது. கூட்டம் முடிந்ததும் செயலர் தானாகவே கேட்டதால் அளக்கும் முறையைச் சொன்னேன். போன் ஜி.பி.எஸ். திறந்த வெளியில் ஐந்து மீட்டர் வரை தவறும், மட்டைக்கடியில் பத்துக்கு மேல். அதனால் தோப்பு விளிம்பில் ஐந்து நிமிடம் நின்று ஒரு புள்ளி எடுத்து, அங்கிருந்து வீட்டுச் சுவர் வரை நாடாவால் அளக்க வேண்டும். எந்திரப் பக்கம், அது நிற்கப்போகும் இடத்தின் நடுவைக் குறித்துக் கம்பெனி நட்ட கல்லில் இன்னொரு புள்ளி. கதவு எண் இருக்கிறதா என்று பார்க்காமல் அடுப்பு எரியும் கூரை ஒவ்வொன்றையும் குறிக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் அன்று ஏறிய வரி, "வசிக்கும் வீடுகள் அனைத்தையும் நேரில் நடந்து அளந்து, பட்டியலைச் சபைக்கு வைத்த பின்னரே கருத்துத் தெரிவிக்கப்படும்." வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல் இல்லை.

மூன்றரைக்கு ஆறேழு பேர் நாடாவோடு தோப்புக்குப் போனோம். முப்பது மீட்டர் நாடாவைக் காற்று வில்லாக வளைத்தது. பத்து மீட்டருக்கு ஒருவர் பிடித்துக்கொண்டால்தான் நேராக நின்றது. அந்தப் பெண் சுவரோரம் ஒரு முனையை மிதித்துக்கொண்டு நின்றார். நான்கு வீட்டையும் சேர்த்து அளக்க ஐந்து மணியாயிற்று. முதல் வீடு 463 மீட்டர், கடைசி வீடு 438. செயலர் எண்ணைச் சத்தமாக இரண்டு முறை படித்துவிட்டு நோட்டில் எழுதி, பக்கத்தில் நான்கு வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கினார்.